பாடாமல் நிற்கும் மகள்: பள்ளி கேட்கும் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திடலாமா?

தென் மாவட்டம் ஒன்றின் சிறு நகரத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயர், ஊர், பள்ளி மூன்றையும் விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். கணவர் அந்தச் சபையில் இல்லை. மகள் படிக்கும் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அரசு உதவி பெறும் அந்தப் பள்ளியில் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சிறு வயதிலிருந்தே அம்மாவோடு சபைக் கூட்டங்களுக்குப் போய்வருகிறாள். பள்ளியில் காலை பிரேயரின்போது தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் நாட்டுப்பண்ணுக்கும் எழுந்து நேராக நிற்பாள், ஆனால் பாடமாட்டாள். கொடிக்கு சல்யூட் அடிக்கமாட்டாள். இத்தனை ஆண்டுகளாக ஆசிரியர்கள் இதைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்கள். இந்த ஆண்டு புதிதாக வந்த உடற்கல்வி ஆசிரியர் விடவில்லை. ஒரு திங்கட்கிழமை அவளை வரிசையிலிருந்து வெளியே அழைத்து, கொடிக்கம்பத்தின் அருகே பள்ளி முழுவதும் பார்க்கும்படி தனியாக நிறுத்தி, மைக்கை வாயருகே பிடித்து, “இப்போ பாடு பார்க்கலாம்” என்றிருக்கிறார். அவள் அழுதுகொண்டே நின்றாள்; பாடவில்லை.

அன்று மாலையே தலைமையாசிரியர் தந்தையைக் கூப்பிட்டு அனுப்பினார். “இதுவரை பாடாததற்கு மன்னிப்புக் கேட்கிறோம், இனிமேல் பாடுவாள் என்று எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்” என்பதே அவர் சொன்னது. அடுத்த வாரம் தாளாளர் முன்னிலையில் சந்திப்பு. கடை வியாபாரம் கெட்டுவிடும் என்று அஞ்சும் கணவர் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்கிறார். “சும்மா வாயை அசைச்சாப் போதும், யாருக்குத் தெரியப்போகுது?” என்கிறார் மாமியார். கடைசியில் மகளே ஓர் இரவு, “அம்மா, நான் வாயை மட்டும் அசைச்சுக்கவா?” என்று கேட்டுவிட, பதில் சொல்லத் தெரியாமல் அடுப்படிக்குள் போய்விட்டதாகத் தாய் எழுதியிருக்கிறார். கையெழுத்திடலாமா, பள்ளி டி.சி. கொடுக்க முடியுமா, ஆசிரியர் மீது வழக்குப் போடலாமா, இனி மகளைப் பிரேயருக்கே அனுப்பாமல் வகுப்பறையில் உட்காரவைக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

மன்னிப்புக் கடிதத்தில் நீங்களும் உங்கள் கணவரும் கையெழுத்திட வேண்டாம். டி.சி. கேட்டு விண்ணப்பமும் எழுதித் தர வேண்டாம். சந்திப்புக்கு முன்னால் இந்த இரண்டில் உறுதியாக இருங்கள். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம்.

நான் உங்கள் சபையைச் சேர்ந்தவள் அல்ல. நாட்டுப்பண் ஒலிக்கும்போது மனம் நிறைந்து பாடுகிறவள். பாட மனச்சாட்சி இடம் கொடுக்காத ஒரு பிள்ளையின் வாயருகே மைக்கைப் பிடிப்பது அந்தப் பாடலுக்கே இழுக்கு என்று நான் திடமாக நம்புகிறேன். நல்லவேளையாக, நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் உங்கள் மகளின் நிலைமையில் இருந்த பிள்ளைகளைப் பற்றி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாகப் பேசியிருக்கிறது.

கேரளத்து மூன்று பிள்ளைகள்

1985-ல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த பிஜோ, பினு, பிந்து என்ற மூன்று பிள்ளைகள் ஒரே பள்ளியில் முறையே பத்து, ஒன்பது, ஐந்தாம் வகுப்புகளில் படித்தார்கள். நாட்டுப்பண் பாடும்போது எழுந்து நிற்பார்கள், பாடமாட்டார்கள். முன்பு அதே பள்ளியில் படித்த அவர்களுடைய அக்காமார்களும் அப்படித்தான் இருந்தார்கள்; யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் இதைக் கவனித்து, தேசப்பற்று இல்லாத செயல் என்று கருதிச் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழுவே, பிள்ளைகள் சட்டத்தை மதித்து நடப்பவர்கள், நாட்டுப்பண்ணுக்கு எந்த அவமதிப்பும் செய்யவில்லை என்று அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகும், கல்வித்துறை அதிகாரியின் அறிவுறுத்தலின்படி, ஜூலை 26 அன்று தலைமையாசிரியை மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார்.

கேரள உயர் நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்தது. நாட்டுப்பண்ணில் எந்த மதத்தவரையும் புண்படுத்தும் ஒரு சொல்லும் இல்லையே என்பது அதன் வாதம். உங்கள் தலைமையாசிரியரும் இதையே சொல்லக்கூடும் என்பதால், உச்ச நீதிமன்றம் அதற்குத் தந்த பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் மறுப்பு பாடலின் சொற்களைப் பற்றியதே இல்லை. யெகோவாவுக்குச் செய்யும் ஜெபத்தைத் தவிர வேறு எந்தச் சடங்கிலும் சேரக் கூடாது என்று அவர்கள் உண்மையாக நம்புகிறார்கள் என்றது அது. ஒரு நம்பிக்கை நமது அறிவுக்கோ உணர்வுக்கோ ஏற்புடையதா என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. அது உண்மையாகவும் மனச்சாட்சியோடும் கடைப்பிடிக்கப்படுகிறதா என்றுதான் பார்க்கிறது.

1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி, நீதிபதி எம்.எம். தத் ஆகியோர் தந்த அந்தத் தீர்ப்பு, பிள்ளைகளை நீக்கியது அரசமைப்பின் 19(1)(அ), 25(1) ஆகிய பிரிவுகளுக்கு முரணானது என்று கூறி, அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும், இடையூறின்றிப் படிக்க விடவும் உத்தரவிட்டது. பேச்சுரிமைக்குள் பேசாமலிருக்கும் உரிமையும் அடங்கும் என்பதும், சட்டத்தின் பின்புலம் இல்லாத துறைச் சுற்றறிக்கையைக் காட்டி அந்த உரிமையைப் பறிக்க முடியாது என்பதும் அதில் உள்ளன. தலைமையாசிரியர் ஏதாவது சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினால், பதற்றப்படாமல் அதன் நகலை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தத் தீர்ப்பை முழுவதுமாகப் படித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள் என்ற உண்மை அதில் திரும்பத் திரும்ப வருகிறது. 1971-ஆம் ஆண்டின் தேசியச் சின்னங்கள் அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, நாட்டுப்பண் பாடப்படுவதை வேண்டுமென்றே தடுப்பதையும், பாடும் கூட்டத்துக்கு இடையூறு செய்வதையும் குற்றமாக்கி, மூன்று ஆண்டுவரை சிறை என்கிறது. மரியாதையோடு எழுந்து நின்று வாய் திறக்காதிருப்பது இதில் வராது என்றது நீதிமன்றம். நாட்டுப்பண்ணை மதிக்க வேண்டும் என்று சொல்லும் அரசமைப்பின் 51-அ பிரிவின் கடமையும் அப்படி நிற்பதால் நிறைவேறுகிறது. ஆகவே உங்கள் மகள் எப்படி நிற்கிறாள் என்பதே அவளுக்கு இருக்கும் மிகப் பெரிய சட்டப் பாதுகாப்பு.

நீங்கள் திருத்திக்கொள்ள வேண்டிய சில எண்ணங்கள்

இந்தக் காரணத்தால்தான், மகளை வகுப்பறையிலேயே உட்காரவைக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. நல்ல நோக்கத்தோடுதான் நினைத்திருக்கிறீர்கள். அவளை அவமானத்திலிருந்து காப்பாற்ற விரும்புகிறீர்கள். ஆனால் பாடல் கேட்கும்போது அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள் என்று நாளை யாராவது எழுதினால், கேரளத்துப் பிள்ளைகளின் தீர்ப்பு உங்களுக்குத் துணை வராது. அவள் நேரத்துக்கு வரட்டும், வரிசையில் நிற்கட்டும், கைகளை நேராக வைத்துப் பாடல் முடியும்வரை அசையாமல் இருக்கட்டும். பக்கத்தில் பாடும் தோழியிடம் ‘நீயும் பாடாதே’ என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. திருக்குறள் சொல்வது, செய்தி வாசிப்பது போன்று அவள் மனச்சாட்சிக்கு ஒவ்வுகிற பொறுப்புகள் பிரேயரில் இருந்தால், தானாகவே கேட்டு வாங்கிச் செய்யட்டும்.

தமிழ்த்தாய் வாழ்த்து நாட்டுப்பண் இல்லை என்பதால் அதற்கு நிற்கக்கூடத் தேவையில்லை என்று சபையில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எழுந்து நிற்க வேண்டும் என்று சட்டம் ஏதுமில்லை என 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது உண்மை. அதே மாதம் 17-ஆம் தேதி தமிழ்நாடு அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, 55 விநாடிகளில் பாட வேண்டும், மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்று அரசாணை வெளியிட்டது. அந்தப் பாடல் தமிழை அணங்காக விளித்து வாழ்த்துவதால் உங்கள் மகள் அதை ஒரு வழிபாடாகக் கருதுவது எனக்குப் புரிகிறது. பாடாமல் இருக்கட்டும். ஆனால் எழுந்து நிற்கட்டும். நம் ஊரில் அந்தப் பாடலுக்கு உட்கார்ந்திருப்பது எவ்வளவு மனங்களைப் புண்படுத்தும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: 1986 தீர்ப்பு நேரடியாக நாட்டுப்பண்ணைப் பற்றியது. தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் கொடி வணக்கத்துக்கும் உறுதிமொழிக்கும் அதன் தர்க்கத்தை நீட்டி வாதிடலாம். வலுவான வாதம்தான் என்றாலும், வாதிட்டுத்தான் நிறுவ வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிள்ளையையும் நீக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பு என்பதால், சந்திப்பில் அதை நம்பிப் பேசாதீர்கள். அரசமைப்பின் 25-ஆம் பிரிவையும் மேலே சொன்ன தீர்ப்பையும் சொன்னால் போதும். கூடவே கேட்டிருந்த சரஸ்வதி பூஜை விஷயம் எளிது: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில் பெற்றோரின் சம்மதமின்றி ஒரு சிறாரை மத வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது என்று அரசமைப்பின் 28(3) பிரிவே சொல்கிறது. முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

“நீங்கள் எல்லாம் தேச விரோதிகள்” என்று உடற்கல்வி ஆசிரியர் சொன்னது உங்களை வெகுவாகக் காயப்படுத்தியிருக்கிறது. உங்கள் சபையினர் இந்தியக் கொடியை மட்டும் ஒதுக்கவில்லை. அமெரிக்காவில் கொடிக்கு வணக்கம் செய்யாத சாட்சிகளின் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது சரிதான் என்று 1940-ல் சொன்ன அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மூன்றே ஆண்டுகளில், 1943-ல், தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. நாஜி ஜெர்மனியில் ஹிட்லருக்கு வணக்கம் சொல்ல மறுத்த சாட்சிகள் ஊதா முக்கோணச் சின்னம் தைத்த உடையோடு வதைமுகாம்களில் அடைக்கப்பட்டார்கள். எந்த நாட்டு ஆட்சிக்கும் இதே மறுப்புதான் என்பதை ஆசிரியரிடம் கோபமில்லாமல் விளக்கினால், அவருடைய சந்தேகம் கொஞ்சமாவது தணியலாம்.

வாயை மட்டும் அசைப்பது

மாமியார் சொன்னதை நான் குறை சொல்லமாட்டேன். பேத்திக்குத் துன்பம் வரக் கூடாது என்ற பாசம் அது. ஆனாலும் வேண்டாம். சட்டப்படி பார்த்தால், உங்கள் மகளுடைய உரிமை முழுவதும் அவள் நம்பிக்கை உண்மையானது என்ற ஒரே தூணின் மேல் நிற்கிறது. ஒரு மாதம் வாயசைத்துவிட்டுப் பிறகு மறுத்தால், “போன மாதம் பாடினாளே” என்ற ஒரு வரியில் பள்ளித் தரப்பு வழக்கைச் சாய்த்துவிடும். மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். செய்யாத தவற்றை ஒப்புக்கொண்டு நீங்களே எழுதித்தந்த காகிதம் அது. அவள் பள்ளியை விட்டுப் போகும்வரை கோப்பில் இருக்கும்.

ஆனால் சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் மகள் அன்றிரவு கேட்ட கேள்வி. நீங்கள் பதில் சொல்லாமல் எழுந்து போனது அவளுக்கு ஒரு கண்டனமாகவே பட்டிருக்கும். இன்றைக்கே அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். அப்படிக் கேட்டதில் எந்தத் தவறும் இல்லை என்று முதலில் சொல்லுங்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் முன்னால் தனியாக நிறுத்தப்பட்ட ஒரு பதினான்கு வயதுப் பெண் அதற்குப் பிறகு தப்பிக்க வழி தேடுவது இயல்பு. அடுத்ததாக, நீங்கள் தயங்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: ‘பாடாமலிருப்பது உன் விருப்பமா, என் விருப்பமா?’ என்று. பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறாள் என்று தோன்றினால், சில நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

25-ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை எல்லா நபர்களுக்கும் தருகிறது. அதில் உங்கள் மகளும் ஒரு நபர். இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவும் குழந்தையின் மனச்சாட்சியைத் தனியாக அங்கீகரிக்கிறது. பெற்றோர் வழிகாட்டலாம் என்றுதான் சொல்கிறது. இது உங்கள் நம்பிக்கை மட்டுமே, அவளுடையது இல்லை என்றால், பாடும் உரிமையும் அவளுக்கு உண்டு. அப்போது பள்ளியைப் போலவே நீங்களும் அவளை வற்புறுத்தக் கூடாது. அவளுடையதுதான் என்றால், அவள் தன் சொந்த வார்த்தைகளில் இரண்டு வாக்கியத்தில் அதைச் சொல்லப் பழகட்டும். ஒருவேளை வழக்கு நீதிமன்றம் வந்தால் நீதிபதி அவளிடமே கேட்க வாய்ப்புண்டு. மனப்பாடம் செய்த பதிலைக் கண்டுபிடிக்க நீதிபதிகளுக்கு அதிக நேரம் ஆகாது.

உங்கள் கணவரிடம் மத விவாதம் வேண்டாம். அவர் உங்கள் சபைக்கு வர வேண்டியதில்லை. தம் மகள் மிரட்டப்பட்டு எழுதித் தர வேண்டாம் என்ற ஒன்றில் மட்டும் உங்களோடு நின்றால் போதும். கடையைப் பற்றிய அவர் பயத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கடை வருமானத்தில்தான் உங்கள் குடும்பம் நடக்கிறது.

சந்திப்பில் என்ன செய்வது

நீங்களும் கணவரும் சேர்ந்து போங்கள். சபை மூப்பர்களைக் கூட்டமாக அழைத்துப் போவதைத் தவிருங்கள். தாளாளருக்கு அது பலம் காட்டுவதாகத் தோன்றும். மன்னிப்புக் கடிதத்துக்குப் பதிலாக நீங்கள் ஒரு கடிதம் எழுதி, தீர்ப்பின் நகலை இணைத்துக் கொடுங்கள். அதில் இப்படி எழுதலாம்: “எங்கள் மகள் நாட்டுப்பண்ணையும் தேசியக் கொடியையும் தமிழ்த்தாய் வாழ்த்தையும் மதிக்கிறாள். காலைக் கூட்டத்துக்குத் தவறாமல் வருவாள். பாடல் முடியும்வரை எழுந்து நின்று மரியாதை செலுத்துவாள். பாடும் யாருக்கும் இடையூறு செய்யமாட்டாள். தன் மத நம்பிக்கை காரணமாகப் பாடுவதிலிருந்தும் கொடி வணக்கம் செய்வதிலிருந்தும் மட்டும் விலகியிருக்க அனுமதிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.” இன்னொரு நகலில் பள்ளி முத்திரையோடு ஒப்புதல் வாங்குங்கள். மறுத்தால் அன்றே ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

மைக் சம்பவத்தைத் தனித் தாளில், நாள், நேரம், உடனிருந்தவர்கள் விவரத்தோடு எழுதி, இது மீண்டும் நடக்காமல் பார்த்துக்கொள்ளும்படி கேளுங்கள். ஆசிரியர் மீது இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி புகார் தர இடமிருக்கிறது. பொறுப்பில் உள்ள குழந்தைக்குத் தேவையற்ற மன வேதனை உண்டாக்குவது அதில் குற்றம். இப்போதைக்கு அந்த வழியில் போக வேண்டாம் என்பது என் கருத்து. காவல் நிலையத்தில் முதலில் வாக்குமூலம் தர வேண்டியவள் உங்கள் மகள்தான். அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு எழுதப்போகிறவளுக்கு அந்தச் சுமை வேண்டாம். அதே ஆசிரியர் இன்னொரு முறை செய்தால், நான் இந்தக் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது தோல்வி இல்லை; மகள் அந்தப் பள்ளிக்குள் நுழையவே நடுங்குகிறாள் என்றால் நல்ல முடிவாகவும் இருக்கலாம். ஆனால் எந்தப் பள்ளியிலும் காலைக் கூட்டம் உண்டு. புதிய பள்ளியின் தலைமையாசிரியரிடம் சேர்க்கைக்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு இங்கே டி.சி. கேளுங்கள். நீங்கள் விண்ணப்பித்து வாங்கும் டி.சி., சட்டத்தின் கண்ணில் நீங்களாக விலகியதாகவே இருக்கும். பிறகு நீக்கினார்கள் என்று வாதிட முடியாது.

பள்ளியே கட்டாயமாக டி.சி.யைக் கையில் திணித்தால், கையெழுத்துக்கு மேலே “எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். அன்றைக்கே மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மனு கொடுங்கள். நகலைத் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு அனுப்புங்கள். அவர்களிடமிருந்து உடனடி நடவடிக்கை இல்லையென்றால், அரசமைப்பின் 226-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை (ரிட்) மனு போட்டு, வழக்கு முடியும்வரை அவள் வகுப்பில் தொடர இடைக்கால உத்தரவு கேட்கலாம். மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள், பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் தயாராவதற்குள் அவள் ஏதாவது ஒரு பள்ளியின் பதிவேட்டில் இருக்க வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். போகும்போது முத்திரையிட்ட உங்கள் கடிதத்தின் நகல், மகளின் மதிப்பெண் அட்டை, கட்டண ரசீதுகள், மைக் சம்பவம் பற்றி நீங்கள் எழுதிய தாள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து எடுத்துச் செல்லுங்கள்.